பட்டியலில் “7 நிமி. முன்” என்ற நேரத்தை மட்டும் புதுப்பிக்க என்ன வழி?

கீழ்கோத்தகிரி_டெவ் எழுதியது:

வணக்கம். பசுந்தேயிலை ஏற்றும் லாரி எங்கே நிற்கிறது என்று சிறு விவசாயிகளுக்குக் காட்டும் ஆண்ட்ராய்டு ஆப் இது. சோலூர்மட்டம், அரவேணு, கட்டபெட்டு, கீழ்கோத்தகிரி பக்கம் உள்ள கொள்முதல் மையங்களில் மையத்துக்கு ஒரு வரி. வரியில் மையத்தின் பெயர், இன்று எடை போட்ட கிலோ, லாரி எண், லாரியின் இடம் கடைசியாகத் தெரிந்த நேரம். அந்த நேரம்தான் “7 நிமி. முன்”, “2 மணி முன்” என்று வருகிறது. மொத்தம் 70 வரிக்குள். திரையில் ஒரே சமயத்தில் 9 வரி தெரியும்.

கோட்லின் மொழி, ரீசைக்ளர்வியூ (திரையை விட்டுப் போன வரியின் வியூவை அடுத்த வரிக்குத் திரும்பப் பயன்படுத்தும் பட்டியல்). இப்போது நொடிக்கு ஒருமுறை ஹேண்ட்லர் (டைமர்) ஓடி, பட்டியல் முழுதும் மாறிவிட்டது என்று சொல்லும் நோட்டிஃபை டேட்டாசெட் சேஞ்ச்டு கூப்பிடுகிறது. நேரம் சரியாக மாறுகிறது, மற்றதெல்லாம் கெடுகிறது. ஸ்க்ரோல் தடுக்கித் தடுக்கிப் போகிறது. வரியை அழுத்தினால் வரும் ரிப்பிள் (அலை போன்ற அசைவு) பாதியில் அறுந்துவிடுகிறது. அழுத்திப் பிடித்தால் திறக்க வேண்டிய மெனு சில சமயம் திறப்பதே இல்லை. பயனர்களிடம் இருப்பவை பெரும்பாலும் 2 ஜிபி ரேம், ஆண்ட்ராய்டு 8 அல்லது 9 போன்கள். காலையில் ஏற்றிய சார்ஜ் மாலை லாரி வரும்வரை தாங்க வேண்டும்.

இடைவெளியை 1 நிமிடமாக்கினால் ஸ்க்ரோல் சரியாகிறது. ஆனால் போனைப் பாக்கெட்டில் வைத்துவிட்டு அரை மணி கழித்து எடுத்தால் பழைய “3 நிமி. முன்” அப்படியே நிற்கிறது, சிறிது நேரம் போனபிறகுதான் மாறுகிறது. அதற்குள் பார்த்தவர் லாரி பக்கத்தில் வந்துவிட்டது என்று மூட்டையைச் சாலைக்கு இறக்கிவிடுவார். பறித்த இலை மூட்டைக்குள் சும்மா இருக்காது, சூடேறும். வெயிலில் கிடந்தால் இன்னும் மோசம். அதனால் இந்த ஒரு சின்ன எழுத்து எப்போது பார்த்தாலும் நம்பும்படி இருக்க வேண்டும்.

ஒவ்வொரு வியூஹோல்டருக்கும் (ஒரு வரியின் வியூக்களைப் பிடித்து வைத்திருப்பது) தனி டைமர் வைப்பது சரியா, அல்லது வேறு வழி இருக்கிறதா?


குன்னூர்_கோட்லின் எழுதியது:

தனி டைமர் வேண்டாம். வரி ரீசைக்கிள் ஆகும்போதெல்லாம் பழையதை நிறுத்தி, புதியதைத் தொடங்கி, திரையை விட்டுப் போனால் மறுபடி நிறுத்தி என்று ஒன்பது இடத்தில் கணக்கு வைக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் வியூவும் ஆக்டிவிட்டியும் மெமரியில் மாட்டிக்கொள்ளும். பஸ் ஸ்டாண்டில் ஒரு கடிகாரம் போதும், எல்லோரும் அதைத்தான் நிமிர்ந்து பார்க்கிறார்கள். பட்டியலுக்கும் ஒரே கடிகாரம் வையுங்கள்.

இப்போது ஏன் தடுக்குகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், தீர்வு அதிலிருந்தே வரும். அடாப்டரில் (டேட்டாவை வரிகளாக்கித் தரும் பகுதி) ஸ்டேபிள் ஐடி (வரிக்கு மாறாத அடையாள எண்) இல்லாதபோது நோட்டிஃபை டேட்டாசெட் சேஞ்ச்டு கூப்பிட்டால், திரையில் இருக்கும் எல்லா ஹோல்டரும் செல்லாதவை என்று குறிக்கப்பட்டு ரீசைக்கிள் பூலுக்குப் போகின்றன. அந்தப் பூல் ஒரு வியூ வகைக்கு 5 ஹோல்டரைத்தான் வைத்துக்கொள்ளும். உங்களுக்குத் தெரிவது 9 வரி. ஆக 5 உள்ளே போகும், மீதி 4 குப்பைக்குப் போகும். அடுத்த நொடியே அந்த 4 வரிக்கும் எக்ஸ்எம்எல்லிலிருந்து புதிதாக இன்ஃப்ளேட் (வியூவை உருவாக்குவது), பிறகு ஒன்பதுக்கும் முழு பைண்ட் (டேட்டாவை நிரப்புவது). 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லிநொடி. 2 ஜிபி போனில் அந்த இன்ஃப்ளேட் மட்டுமே அதைத் தின்றுவிடும். ரிப்பிள் அறுவதும், அழுத்திப் பிடித்தது வீணாவதும் இதனால்தான்: விரலுக்குக் கீழே இருக்கும் வியூ கழற்றப்பட்டுவிடுகிறது.

மாறுவது ஒரு டெக்ஸ்ட்வியூ. அதை மட்டும் தொடுங்கள். இரண்டு வழி உண்டு.

ஒன்று, பேலோடு, அதாவது வரியில் எது மாறியது என்று சொல்லும் குறிப்பு. நோட்டிஃபை ஐட்டம் ரேஞ்ச் சேஞ்ச்டு என்பதற்கு 0, மொத்த வரிகள், “நேரம்” என்று ஒரு பேலோடு மூன்றையும் கொடுங்கள். 70 வரி கொடுத்தாலும் திரையில் ஒட்டியிருப்பவை மட்டுமே பைண்ட் ஆகும். பேலோடு காலியாக இல்லாதபோது டிஃபால்ட் ஐட்டம் அனிமேட்டர் அதே ஹோல்டரையே திரும்பப் பயன்படுத்தும், அதனால் மின்னாது. ஆன் பைண்ட் வியூஹோல்டரின் மூன்று அளபுரு வடிவத்தை எழுதி, பேலோடில் “நேரம்” மட்டும் இருந்தால் அந்த டெக்ஸ்ட்வியூவை மாற்றிவிட்டுத் திரும்பிவிடுங்கள். பேலோடு பட்டியல் காலியாக வந்தால் முழு பைண்ட் செய்தே ஆகவேண்டும். நீங்கள் அனுப்பிய பேலோடு வந்தே சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஒட்டாத வியூவுக்கு அது கைவிடப்படும்.

இரண்டு, அடாப்டரையே கூப்பிடாமல் நேரடியாக. ரீசைக்ளர்வியூவின் குழந்தை வியூக்களைச் சுற்றி வந்து, ஒவ்வொன்றின் ஹோல்டரையும் எடுத்து, “நேரத்தைப் புதுப்பி” என்ற உங்கள் சொந்த ஃபங்ஷனைக் கூப்பிடுவது. இதற்கு ஹோல்டர் தன் வரியின் நேரத்தை பைண்ட் ஆகும்போதே ஒரு லாங் மாறியில் வைத்துக்கொள்ள வேண்டும். பொசிஷனைக் கேட்டு டேட்டாவைத் தேடப் போகாதீர்கள். வரி நீக்கப்படும் அனிமேஷன் ஓடும்போது பொசிஷன் −1 என்று வரும். ரீசைக்ளர்வியூவுக்கு லேயவுட் சுற்றே கிடையாது என்பதால் உங்கள் போன்களுக்கு இதையே சொல்வேன்.

இடைவெளியைப் பொறுத்தவரை, நிமிடத்தைக் காட்டும் எழுத்துக்கு நொடிக் கடிகாரம் தேவையே இல்லை. நொடிக்கு ஒன்று என்றால் மணிக்கு 3,600 சுற்று, 9 வரிக்கு 32,400 பைண்ட். நிமிடத்துக்கு ஒன்று என்றால் 60 சுற்று, 540 எழுத்து மாற்றம். எழுத்து உண்மையிலேயே மாறியிருந்தால் மட்டும் செட்டெக்ஸ்ட் கூப்பிடுங்கள். டெக்ஸ்ட்வியூ தானாக ஒப்பிட்டுப் பார்க்காது. அதே எழுத்தைக் கொடுத்தாலும் முழு வேலையும் செய்யும்.


மஞ்சூர்_ஆப் எழுதியது:

மேலே சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன், ஒன்றைத் தவிர. கண்ணை மூடிக்கொண்டு 60 நொடி வைத்தால் ஒரு வரி ஏறத்தாழ ஒரு நிமிடம் வரை பிந்திக் காட்டும். அதைவிட, அடுத்து எந்த வரி எப்போது மாறும் என்று கணக்குப் போட்டு அந்த நேரத்துக்கு மட்டும் எழுப்பலாம். திரையில் இருக்கும் வரிகளுக்கு மட்டும் இது:

வயது = இப்போது − பதிவு நேரம்
வயது 1 மணிக்குள்: காத்திருப்பு = 60 நொடி − (வயதை 60 நொடியால் வகுத்த மீதி)
வயது 1 மணி முதல் 24 மணிக்குள்: காத்திருப்பு = 3,600 நொடி − (வயதை 3,600 நொடியால் வகுத்த மீதி)
அதற்கு மேல்: காத்திருப்பு = இன்று நள்ளிரவு வரை
எல்லா வரிகளின் காத்திருப்பிலும் சிறியதை எடு

ஒரு உதாரணம். ஒரு வரியின் வயது 7 நிமிடம் 42 நொடி, அது 18 நொடியில் “8 நிமி.” ஆகும். இன்னொன்று 2 மணி 59 நிமிடம் 10 நொடி. அது 50 நொடியில் “3 மணி” ஆகும். ஆகவே 18 நொடிக்கு ஒரு போஸ்ட் டிலேடு (ஹேண்ட்லரைக் குறித்த நேரம் கழித்து எழுப்பும் அழைப்பு). திரையில் உள்ள எல்லா வரியும் மணிக்கணக்கில் பழையது என்றால் கடிகாரம் பத்து, இருபது நிமிடம்கூட தூங்கும். சாயங்காலம் லாரிகள் எல்லாம் ஃபாக்டரியில் இறங்கிய பிறகு பட்டியல் அப்படித்தான் இருக்கும், அப்போது பேட்டரிக்குச் செலவே இல்லை.

சிக்கல் எங்கே என்றால், 9 வரியும் ஒரு மணிக்குள் இருந்தால் ஒவ்வொன்றும் தன் தன் நொடியில் மாறும். நிமிடத்துக்கு 9 முறை எழும்ப வேண்டும். அதற்குக் காத்திருப்பை அடுத்த 10 நொடிக் கட்டத்துக்கு மேல்நோக்கி முழுமையாக்குங்கள். 18 நொடி என்பது 20 ஆகும். நிமிடத்துக்கு அதிகபட்சம் 6 எழுப்பல், எந்த வரியும் 10 நொடிக்கு மேல் பிந்தாது. கீழ்வரம்பாக 1 நொடி வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்ட்லர் ஓடும் கடிகாரமும் நீங்கள் வயதைக் கணக்கிடும் கடிகாரமும் வேறு வேறு. எல்லைக்குச் சில மில்லிநொடி முன்னால் எழுந்துவிட்டால் “இன்னும் 3 மில்லிநொடி”, “இன்னும் 1 மில்லிநொடி” என்று வீணாகச் சுற்றும்.

ஸ்க்ரோல் செய்து புது வரிகள் வந்தால் காத்திருப்பு மாறும். ஸ்க்ரோல் நின்றதும் ஒருமுறை மறுபடி கணக்கிட்டால் போதும், ஸ்க்ரோல் ஓடும்போது தொடவேண்டாம்.

பாக்கெட் பிரச்சினைக்குக் காரணமும் இந்தக் கடிகார வித்தியாசம்தான். போஸ்ட் டிலேடு எண்ணுவது அப்டைம் மில்லிஸை. போன் ஆழ்ந்து தூங்கும்போது அது நின்றுவிடும். 60 நொடி கேட்டு, 20 நொடியில் போன் தூங்கிப் போனால், அரை மணி கழித்து எழுந்ததும் மீதி 40 நொடியை நிதானமாக எண்ணும். எந்த இடைவெளி வைத்தாலும் இதைத் தப்ப முடியாது. ஆகவே ஆன் ஸ்டார்ட்டில் (ஆப் கண்ணில் தெரியத் தொடங்கும் கணம்) முதல் வேலையாக எல்லா வரியையும் புதுப்பித்துவிட்டுப் பிறகு டைமரைத் தொடங்குங்கள். ஆன் ஸ்டாப்பில் (ஆப் கண்ணிலிருந்து மறையும் கணம்) நிறுத்துங்கள். ஆன் ரெஸ்யூம், ஆன் பாஸ் ஜோடியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். திரையைப் பிரித்து இரண்டு ஆப் வைத்திருப்பவருக்கு உங்கள் ஆப் பாஸ் நிலையிலும் கண்ணில் தெரியும், நேரம் உறைந்து நிற்கும்.

ஆக்‌ஷன் டைம் டிக் பிராட்காஸ்ட்டையும் சிலர் பயன்படுத்துவார்கள். கடிகாரத்தில் நிமிடம் மாறும்போது சிஸ்டமே அனுப்பும், டைமரே வேண்டாம். மேனிஃபெஸ்ட்டில் எழுதினால் வராது, கோடில்தான் ரிஜிஸ்டர் செய்ய வேண்டும். எளிமை வேண்டும் என்றால் நல்ல வழி. அதை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், டைம் சேஞ்ச்டு, டைம்ஸோன் சேஞ்ச்டு இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.


கீழ்கோத்தகிரி_டெவ் எழுதியது:

இருவருக்கும் நன்றி. நேரடி வழியை எடுத்து, 10 நொடிக் கட்டத்தோடு போட்டாயிற்று. ரிப்பிள், மெனு, பாக்கெட் மூன்றும் சரி. ஆனால் ஒன்று பிடிபடவில்லை. பட்டியலை இரண்டு வரி மேலே தள்ளிவிட்டு, சில நிமிடம் பொறுத்துத் திரும்ப இறக்கினால் மேலே வரும் இரண்டு வரியில் மட்டும் பழைய நேரம். ஆன் பைண்ட் வியூஹோல்டரில் லாக் வைத்தால் அந்த இரண்டுக்கும் அது கூப்பிடப்படவே இல்லை.


குன்னூர்_கோட்லின் எழுதியது:

சரியாக இரண்டு வரி என்பதிலேயே விடை இருக்கிறது. திரையை விட்டு அப்போதுதான் வெளியேறிய ஹோல்டர்களை ரீசைக்ளர்வியூ உடனே பூலுக்கு அனுப்பாது. ஒரு சின்ன கேஷில் வைத்திருக்கும். அதன் இயல்பு அளவு 2. அதே வரி திரும்ப வந்தால் பைண்ட் இல்லாமலே அப்படியே ஒட்டிவிடும். பட்டியலின் குழந்தை வியூக்களைச் சுற்றும்போது கேஷில் இருப்பவை கண்ணில் படாது, அதனால் உங்கள் புதுப்பிப்பு அவற்றைத் தொடவில்லை. அடுத்து வரப்போகும் வரியை முன்கூட்டியே தயாரிக்கும் ப்ரீஃபெட்ச்சிலும் இதே கதை: பைண்ட் ஆனது ஒரு நேரம், திரைக்கு வருவது வேறு நேரம்.

அடாப்டரில் ஆன் வியூ அட்டாச்டு டு விண்டோவை ஓவர்ரைடு செய்து, அங்கே ஹோல்டரின் “நேரத்தைப் புதுப்பி”யைக் கூப்பிடுங்கள். கேஷிலிருந்து வந்தாலும், பூலிலிருந்து வந்தாலும், ப்ரீஃபெட்ச்சிலிருந்து வந்தாலும் அந்த வாசலைத் தாண்டித்தான் வரவேண்டும். கேஷ் அளவை 0 ஆக்கியும் தீர்க்கலாம், ஆனால் ஸ்க்ரோலுக்குக் கிடைக்கும் லாபம் போய்விடும், வேண்டாம்.

இன்னும் இரண்டு இடத்தைப் பாருங்கள். நேரம் காட்டும் டெக்ஸ்ட்வியூவின் அகலம் ராப் கண்டென்ட் (எழுத்தின் நீளத்துக்கேற்ப மாறுவது) ஆக இருந்தால் ஒவ்வொரு செட்டெக்ஸ்ட்டும் ரிக்வெஸ்ட் லேயவுட் கேட்கும், வரி முழுக்க மறுபடி அளக்கப்படும். அகலத்தை நிலையாக வைத்து, உயரம் மாறாமல் ஒரே வரியாக வைத்தால் டெக்ஸ்ட்வியூ வெறும் மறுவரைதலோடு முடித்துக்கொள்ளும். தமிழுக்கு இது கூடுதலாக முக்கியம். “23 நிமிடங்களுக்கு முன்” என்று முழுதாக எழுதினால் 5 அங்குலத் திரையில் மையத்தின் பெயரைத் தள்ளிவிடும், எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர்களுக்கு இரண்டாம் வரிக்கும் உடையும். “23 நிமி. முன்” போதும். மிக நீளமாக வரக்கூடிய எழுத்தைப் பெரிய ஃபாண்ட் அளவில் போட்டுப் பார்த்து அகலத்தை முடிவு செய்யுங்கள், டிபி அல்ல, பயனரின் எழுத்து அளவுக்கேற்ப மாறும் எஸ்பி அளவில்.

அடுத்தது, “7 நிமி. முன்” என்ற எழுத்தை டேட்டா கிளாஸுக்குள் வைத்திருக்கிறீர்களா? வைத்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். லிஸ்ட்அடாப்டருக்குப் புதுப் பட்டியல் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் டிஃப்யூட்டில் என்ற கருவி பழையதையும் புதியதையும் ஒப்பிடும். எழுத்து மாறியிருப்பதால் 70 வரியும் “மாறிவிட்டது” என்று சொல்லும். உண்மையில் லாரி நகர்ந்த இரண்டு வரிதான் மாறியிருக்கும். டேட்டாவில் இருக்க வேண்டியது எபாக் மில்லிநொடி (1970 முதல் எண்ணிய நேரம்) மட்டும். எழுத்து என்பது திரையில் போடும் கணத்தில் பிறந்தால் போதும்.


ஊட்டி_ஸ்விஃப்ட் எழுதியது:

பின்னாளில் தேடி வருபவர்களுக்காக மற்ற தளங்களைப் பற்றிச் சுருக்கமாக.

ஆண்ட்ராய்டில் திரைகளை எழுதும் இன்னொரு முறையான ஜெட்பேக் காம்போஸில் “இப்போது” என்ற ஒரே ஸ்டேட்டை மேலே வைத்து, அதை லேஸிகாலம் மட்டத்தில் படிக்காமல் நேரம் எழுதும் அந்தச் சின்ன காம்போசபிளுக்குள் மட்டும் படியுங்கள். மேலே படித்தால் வரி முழுதும் ரீகம்போஸ் (மறுபடி உருவாக்கம்) ஆகும். உள்ளே டிரைவ்டு ஸ்டேட் ஆஃப் கொண்டு எழுத்தைக் கணக்கிட்டால், கடிகாரம் எத்தனை முறை அடித்தாலும் எழுத்து மாறிய வரி மட்டும் ரீகம்போஸ் ஆகும். கடிகார ஃப்ளோவை கலெக்ட் ஆஸ் ஸ்டேட் வித் லைஃப்சைக்கிள் வழியாக எடுத்தால் நிறுத்துவதும் தொடங்குவதும் தானாக நடக்கும்.

ஐஓஎஸ்ஸில் ஸ்விஃப்ட்யூஐ டெக்ஸ்ட்டுக்கு ரிலேட்டிவ் ஸ்டைல் ஐஓஎஸ் 14 முதல் உண்டு. தானே புதுப்பிக்கும், ஆனால் நொடியையும் சேர்த்துக் காட்டி ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். லாரிப் பட்டியலுக்கு அது தேவையில்லாத பரபரப்பு. ஐஓஎஸ் 15 முதல் உள்ள டைம்லைன்வியூவில் இடைவெளியை நீங்களே சொல்லலாம். யூஐகிட்டில் டைமர் வைத்தால் ரன்லூப்பின் காமன் மோடில் சேருங்கள். இயல்பு மோடில் இருந்தால் விரல் பட்டியலை இழுத்துக்கொண்டிருக்கும்வரை டைமர் அடிக்காது. டைமரின் டாலரன்ஸ் மதிப்பை இடைவெளியில் 10 சதவீதமாவது வைக்கச் சொல்வது ஆப்பிளின் பரிந்துரை. விழித்திரு என்று அடம்பிடிக்காத டைமர்களை சிஸ்டம் ஒன்றாகச் சேர்த்து எழுப்பும், பேட்டரி மிஞ்சும்.

ஃப்ளட்டரில் ஒரு வேல்யூநோட்டிஃபையர், நேரம் எழுதும் இடத்தில் மட்டும் வேல்யூலிசனபிள்பில்டர். ரியாக்ட் நேட்டிவில் கவனம் தேவை: ஃப்ளாட்லிஸ்ட்டின் விண்டோசைஸ் இயல்பாக 21, அதாவது திரைக்கு வெளியே மேலும் கீழும் பத்துப் பத்துத் திரை அளவு வரிகளையும் உயிரோடு வைத்திருக்கும். 70 வரி என்றால் அத்தனையும் அதற்குள் அடங்கிவிடும். அங்கே எக்ஸ்ட்ராடேட்டாவில் நேரத்தைக் கொடுத்தால் எல்லாமே மறுபடி ரெண்டர்.


அரவேணு_பின்தளம் எழுதியது:

எழுத்து எப்படி மாறுகிறது என்பது தீர்ந்தது. அது எந்த நேரத்தைச் சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லையே.

இந்த மலையில் சிக்னல் தொடர்ச்சியாக இருக்காது. சோலூர்மட்டம் பக்கம் சரிவுக்குள் இறங்கினால் டிரைவர் போனின் தொடர்பு அறுந்து, மேடு ஏறினதும் திரும்ப வரும். நடுவில் சேர்ந்த பதிவுகள் ஒரே கொத்தாக சர்வருக்கு வரும். சர்வருக்கு வந்த நேரத்தை வரியில் வைத்தால், 25 நிமிடத்துக்கு முந்தைய இடம் “இப்போது” என்று காட்டும். ஜிபிஎஸ் அந்த இடத்தைப் பிடித்த நேரம்தான் வரிக்கு வேண்டும். கொத்தாக வரும்போது வரிசையும் மாறி வரலாம். ஆகவே புதுப் பதிவின் நேரம் ஏற்கெனவே உள்ளதைவிடப் பிந்தையதா என்று பார்த்த பிறகே மேலெழுதுங்கள்.

அடுத்து, விவசாயியின் போன் கடிகாரம். ஆட்டோமேட்டிக் நேரத்தை அணைத்து வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். கடிகாரம் 4 நிமிடம் பின்தங்கியிருந்தால் வயது எதிர்மறையாக வரும். அதை 0 என்று வெட்டினால் “−2 நிமி.” என்ற அசிங்கம் மறையும், தவறு மறையாது. சர்வர் பதிலில் வரும் டேட் ஹெட்டரை எடுத்து, அதே கணத்தில் போனின் எலாப்ஸ்டு ரியல்டைமையும் (போன் ஆன் ஆனதிலிருந்து கழிந்த நேரம்) குறித்துக்கொள்ளுங்கள். பிறகு “இப்போது” என்பது குறித்த சர்வர் நேரம், அதோடு எலாப்ஸ்டு ரியல்டைமில் கூடிய அளவு. இந்தக் கடிகாரம் போன் தூங்கினாலும் ஓடும், பயனர் நேரத்தை மாற்றினாலும் அசையாது. போனை அணைத்துப் போட்டால்தான் பூஜ்யத்துக்குப் போகும், அப்போது புதிதாக ஒருமுறை குறித்தால் ஆயிற்று. டேட் ஹெட்டர் நொடி அளவுக்குத்தான் துல்லியம், நமக்கு அது தாராளம். ஒரு எச்சரிக்கை: ஓகேஎச்டிடிபி (நெட்வொர்க் லைப்ரரி) கேஷிலிருந்து வந்த பதிலில் டேட் ஹெட்டரும் பழையதாக இருக்கும். நெட்வொர்க்கிலிருந்து வந்ததா என்று பார்த்துவிட்டே எடுங்கள்.

“நேற்று” என்ற எழுத்திலும் ஒரு கண்ணி உண்டு. நாள் வித்தியாசத்தை யுடிசியில் (உலகப் பொது நேரம்) கணக்கிட்டால் நம் நேரம் காலை 5.30க்குத்தான் நாள் மாறும். இரவு 11 மணிக்கு ஃபாக்டரியில் இறங்கிய லோடு, விடிகாலை 5 மணிக்கு எழுந்து பார்ப்பவருக்கு “இன்று” என்று காட்டும். மஞ்சூர்_ஆப் சொன்ன நள்ளிரவு எல்லையை ஆசியா/கொல்கத்தா மண்டலத்தில் லோக்கல்டேட் கொண்டு கணக்கிடுங்கள். 24 மணி ஆனால் நேற்று என்ற வகுத்தல் கணக்கும் தவறு: இன்று காலை 6 மணிக்குப் பார்க்கும்போது நேற்று மாலை 5 மணி லோடு 13 மணி முன்தான், ஆனால் யாரும் அதை அப்படிச் சொல்லமாட்டார்கள்.


மஞ்சூர்_ஆப் எழுதியது:

அரவேணு அண்ணா சொன்னதிலிருந்து ஒரு படி மேலே போகலாம் என்று நினைக்கிறேன். ஒரு மணி நேரம் தாண்டியதும் “2 மணி முன்” என்பதையே விட்டுவிடுங்கள். “காலை 9.40” என்று போடுங்கள், நேற்றையதற்கு “நேற்று மாலை 5.10”. எழுத்து நள்ளிரவில் மட்டும்தான் மாறும், டைமர் கணக்கில் மணி வரியே தேவைப்படாது. “2 மணி முன்” என்பதில் 2 மணி 1 நிமிடமும் 2 மணி 59 நிமிடமும் ஒன்றாகத் தெரிகிறது; லாரிக்காகக் காத்திருப்பவருக்கு அந்த ஒரு மணி வித்தியாசம் பெரிது. கிண்ணக்கொரை, எடக்காடு பக்கம் லாரி வழக்கமாக எத்தனை மணிக்குத் திரும்பும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். கடிகார நேரத்தைக் கொடுத்தால் மீதியை அவர்களே கணித்துக்கொள்வார்கள்.

ஒரு மணிக்குள் இருப்பதற்கு மட்டும் நிமிடக் கணக்கு. அதிலும் 20 நிமிடத்துக்கு மேல் லாரி பேசவில்லை என்றால் எழுத்தின் நிறத்தை மங்கலாக்கி, முன்னால் “சிக்னல் இல்லை” என்று சேர்க்கலாம். நிறம் மாறும் எல்லையையும் காத்திருப்புக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். எழுத்து மாறவில்லை என்று செட்டெக்ஸ்ட்டைத் தவிர்க்கும் இடத்தில் நிற மாற்றமும் சேர்ந்து தவிர்க்கப்பட்டுவிடும், அதையும் தனியாக ஒப்பிடுங்கள்.


ஊட்டி_ஸ்விஃப்ட் எழுதியது:

ஒன்றைத் தவிர ஏற்றுக்கொள்கிறேன்: நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். மதிய வெயிலில், குறைந்த பிரகாசத்தில் வைத்திருக்கும் போனில் மங்கல் சாம்பலும் கறுப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும். “சிக்னல் இல்லை” என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும்.

டாக்பேக் (திரையை வாசித்துக் காட்டும் வசதி) பயன்படுத்துபவர்களை நினைத்து, நேரம் காட்டும் டெக்ஸ்ட்வியூவுக்கு லைவ் ரீஜன் வைக்காதீர்கள். வைத்தால் எழுத்து மாறும் ஒவ்வொரு முறையும் வாசித்துக் காட்டும். 9 வரி, நிமிடத்துக்கு ஒன்பது குரல். வரியின் கண்டென்ட் டிஸ்கிரிப்ஷனில் “7 நிமி.” என்ற சுருக்கத்தை விரித்து “7 நிமிடங்களுக்கு முன்” என்று கொடுங்கள். ஆண்ட்ராய்டின் ப்ளூரல்ஸில் (ஒருமை, பன்மை எழுத்துகள்) தமிழுக்கு ஒன், அதர் என இரண்டு வகை, இரண்டையும் நிரப்புங்கள்.


கீழ்கோத்தகிரி_டெவ் எழுதியது:

ஆன் வியூ அட்டாச்டு சேர்த்ததும் அந்த இரண்டு வரிப் பிரச்சினை போய்விட்டது. எபாக் நேரம் ஏற்கெனவே டேட்டாவில் இருந்தது. எழுத்தை அங்கிருந்து எடுத்தாயிற்று. கடிகார நேர யோசனை பிடித்திருக்கிறது, அப்படியே செய்கிறேன். இதையெல்லாம் சோதிக்க மணிக்கணக்கில் காத்திருக்காமல் வழி உண்டா?


குன்னூர்_கோட்லின் எழுதியது:

“இப்போது” என்பதைக் கோடில் எங்கும் நேரடியாக சிஸ்டத்திடம் கேட்காதீர்கள். ஒரு கடிகார இன்டர்ஃபேஸ் வைத்து, அதை ஃபார்மேட்டருக்கும் காத்திருப்புக் கணக்குக்கும் வெளியிலிருந்து கொடுங்கள். டெஸ்ட்டில் போலிக் கடிகாரத்தைக் கொடுத்து இந்த வயதுகளை ஓட்டுங்கள்: −90 நொடி, 0, 59.999 நொடி, 60 நொடி, 19 நிமிடம் 59 நொடி, 20 நிமிடம், 59 நிமிடம் 59 நொடி, 1 மணி. பிறகு இரவு 11.59.59க்கும் 12.00.00க்கும் ஒரு ஜோடி, காலை 5.29க்கும் 5.31க்கும் இன்னொரு ஜோடி. இரண்டாம் ஜோடியில் எழுத்து மாறினால் எங்கோ யுடிசி ஒளிந்திருக்கிறது.

திரையில் பார்ப்பதற்கு டெவலப்பர் ஆப்ஷனில் ப்ரொஃபைல் எச்டபிள்யூயூஐ ரெண்டரிங் பட்டைகளைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். பட்டியலைத் தொடாமல் வைத்தால் 10 நொடிக்கு ஒருமுறைக்கு மேல் புதுப் பட்டை எழக்கூடாது. ஓயாமல் ஓடினால் டைமரைத் தேடுமுன் வேறு அனிமேஷன் ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். லோடிங் வட்டம் மறைந்தாற்போல் இருந்து அடியில் சுற்றிக்கொண்டிருப்பது சாதாரணமாக நடப்பது. எழும் பட்டை 16 மில்லிநொடியைக் குறிக்கும் பச்சைக் கோட்டைத் தாண்டினால் இன்னும் எங்கோ ரிக்வெஸ்ட் லேயவுட் போகிறது, டெக்ஸ்ட்வியூ அகலத்திலிருந்து தொடங்குங்கள்.

ஆழ்தூக்கத்தை மேசையில் சோதிக்கும்போது யூஎஸ்பி கேபிளைக் கழற்றிவிடுங்கள். சார்ஜில் இருக்கும் போன் சரியாகத் தூங்காது, எல்லாம் நன்றாக ஓடுவதுபோலவே தெரியும்.